ஒரு நாற்காலி, இரண்டு ஆஃப் ஸ்பின்னர்கள்: வெங்கட்ராகவன் கதை

இந்திய சுழற்பந்தின் "நால்வர் அணி" என்று கிரிக்கெட் தெரிந்த யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பேடி, பிரசன்னா, சந்திரசேகர் என்று மூன்று பெயர் கடகடவென்று வரும். நாலாவது பெயருக்கு மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த நாலாவது ஆள் நம்ம ஊர்க்காரர், ஸ்ரீனிவாசராகவன் வெங்கட்ராகவன். (நம்ம ஊர் என்றால் வாடிப்பட்டி இல்லைங்க, மெட்ராஸ். மதுரைக்குப் போவதையே பெரிய பயணமாக நினைக்கும் எங்களுக்கு மெட்ராஸே கிட்டத்தட்ட வெளியூர் டூர்தான். இருந்தாலும் உரிமை கொண்டாடிக் கொள்கிறோம்!)

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பி.காம் படிக்கிறவனுக்கு வேறென்ன தெரியும்?

பேடி 67 டெஸ்டில் 266 விக்கெட். சந்திரசேகர் 58 டெஸ்டில் 242. பிரசன்னா 49 டெஸ்டில் 189. வெங்கட் 57 டெஸ்டில் 156. நாலு பேரும் சேர்ந்து 853 விக்கெட். மற்ற மூவரின் சராசரியும் 28க்கும் 31க்கும் நடுவில் இருக்க, வெங்கட்டின் சராசரி 36.11. ஆக, நாலில் நாலாவது என்று முடிவு கட்டிவிடலாம். பல பேர் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் ஒரு தொகை இடித்தால் பின்னால் இருக்கும் விவரப் பட்டியலைப் புரட்டிப் பார் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். புரட்டினால் இன்னொரு கணக்கு வருகிறது. ரஞ்சி, கவுண்ட்டி, டெஸ்ட் எல்லாம் சேர்த்த முதல்தர ஆட்டங்களில் வெங்கட் எடுத்தது 341 ஆட்டங்களில் 1390 விக்கெட். சராசரி 24.14. ரஞ்சியில் மட்டும் 530. அந்தக் கோப்பையின் வரலாற்றில் அவருக்கு மேலே இருப்பவர் ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் மட்டும்தான். 24 எங்கே, 36 எங்கே? டெஸ்டில் பேட்ஸ்மேன்கள் தரமானவர்கள், சராசரி ஏறத்தான் செய்யும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 12 ரன் வித்தியாசத்துக்கு அது மட்டும் காரணம் இல்லை என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன்.

மெட்ராசுக்கும் சுழற்பந்துக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. மெட்ராசும் மைசூரும் மோதின, ஒரே நாளில் ஆட்டம் முடிந்து போனது. மைசூரைச் சுருட்டியவர் இடக்கை சுழற்பந்து வீச்சாளர் ஏ.ஜி. ராம்சிங், 35 ரன் கொடுத்து 11 விக்கெட். அந்த மண்ணில் 1945 ஏப்ரல் 21 அன்று பிறந்தவர் வெங்கட். படிப்பிலும் கெட்டிக்காரர், கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர். மெட்ராஸ் அணிக்கு ஆட வந்த வேகத்திலேயே 1965 பிப்ரவரியில் நியூசிலாந்துக்கு எதிராக டெஸ்ட் வாய்ப்பு வந்துவிட்டது, அதுவும் சொந்த ஊரில். இருபது வயதுகூட நிரம்பவில்லை.

அந்தத் தொடரின் நாலு டெஸ்டில் 21 விக்கெட். டெல்லியில் நடந்த கடைசி டெஸ்டில் முதல் இன்னிங்சில் 72 ரன்னுக்கு 8, அடுத்ததில் 80 ரன்னுக்கு 4, மொத்தம் 12! இந்தியா அந்த டெஸ்டையும் தொடரையும் ஜெயித்தது. யோசித்துப் பாருங்கள், நம்மில் பலர் அரியர் எழுதிக் கொண்டிருக்கிற வயசு அது. இந்தப் பையன் இன்னும் பத்து வருஷத்துக்கு இந்தியாவின் ஆஃப் ஸ்பின்னர் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அப்படி நடக்கவில்லை. காரணம் ஏரப்பள்ளி பிரசன்னா.

பிரசன்னா வெங்கட்டைவிட ஐந்து வயது மூத்தவர், பெங்களூர்க்காரர். 1962லேயே டெஸ்ட் ஆடிவிட்டு, மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போய் வந்து, பிறகு பொறியியல் படிப்பை முடிப்பதற்காக ஒதுங்கிப் போனவர். (இவரும் இன்ஜினியர், அவரும் இன்ஜினியர். அந்தக் காலத்தில் ஆஃப் ஸ்பின் போட பி.இ. கட்டாயம் போல!) அவர் இல்லாத இடைவெளியில்தான் வெங்கட் உள்ளே வந்தார். 1967 ஜனவரியில் பிரசன்னா திரும்பி வந்தார். அன்றிலிருந்து ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பேடி இடக்கை சுழல். சந்திரசேகர் லெக் ஸ்பின், அதுவும் போலியோவால் பாதிக்கப்பட்ட கையால் மீடியம் பேசர் வேகத்தில். இவர்கள் இருவருக்கும் அணியில் போட்டியே கிடையாது, அவரவர் சரக்கு வேறு. ஆனால் வெங்கட்டும் பிரசன்னாவும் விற்றது ஒரே சரக்கு: வலது கை பேட்ஸ்மேனுக்கு வெளியிலிருந்து உள்ளே திரும்பும் பந்து. சில ஆட்டங்களில் இருவருமே ஆடியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் "இவரா, அவரா" என்பதுதான் கேள்வி.

சரக்கு ஒன்றுதான் என்றாலும் கடை வேறு. பிரசன்னா பந்தைத் தூக்கிப் போடுவார். பேட்ஸ்மேன் ஆசைப்பட்டு இறங்கி வருவான், பந்து அவன் நினைத்த இடத்துக்கு முன்னாலேயே விழுந்துவிடும். வெங்கட் உயரமானவர், உயரமான கையிலிருந்து கொஞ்சம் வேகமாக, தட்டையாக, ஒரே இடத்தில் விடாமல் போடுவார். முதலாமவர் ஆசை காட்டி அவுட் ஆக்குகிறவர், இரண்டாமவர் பொறுமையைச் சோதித்து அவுட் ஆக்குகிறவர். எண்களும் இதையே சொல்கின்றன. டெஸ்டில் பிரசன்னா வீசியது 14,353 பந்து, வெங்கட் 14,877, கிட்டத்தட்ட ஒரே அளவு உழைப்பு. ஒரு விக்கெட்டுக்குப் பிரசன்னாவுக்கு 76 பந்து ஆனது, வெங்கட்டுக்கு 95. ஆனால் ஓவருக்குக் கொடுத்த ரன்னில் வெங்கட் கஞ்சர்: 2.27. பிரசன்னா 2.40.

எங்கள் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் நெல் அறுத்து முடித்த வயலில் டென்னிஸ் பந்தில் ஆடுவோம். அங்கே நானும் ஒரு ஆஃப் ஸ்பின்னர்தான் (என்று நானாகவே சொல்லிக் கொள்கிறேன்). அங்கே பிரசன்னா மாதிரி தூக்கிப் போட்டால் பந்து பக்கத்துத் தென்னந்தோப்பில்தான் கிடக்கும். வெங்கட் மாதிரி ஒடுக்கிப் போடுகிறவனுக்கே ரெண்டாவது ஓவர் கிடைக்கும். ஆனால் கேப்டன் விக்கெட் வேண்டும் என்று நினைக்கும்போது அவனைக் கூப்பிடுவதில்லை. கேப்டன் பட்டோடியின் நினைப்பும் ஏறக்குறைய இதுதான். அவருக்குப் பிரசன்னா மேல் தனி நம்பிக்கை. 1971ல் வடேகர் கேப்டனானபோது தராசு வெங்கட் பக்கம் சாய்ந்தது. பேட்டிங்கில் கொஞ்சம் ஒப்பேற்றுவார், ஃபீல்டிங்கில் பேட்டுக்கு அருகில் நின்று நன்றாகப் பிடிப்பார் (டெஸ்டில் 44 கேட்ச்) என்பதும் ஒரு காரணம்.

நால்வர் அணி, நால்வர் அணி என்கிறோமே, நாலு பேரும் சேர்ந்து எத்தனை டெஸ்ட் ஆடினார்கள் தெரியுமா? ஒன்றே ஒன்று. 1967 ஜூலையில் இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டனில். அந்த டெஸ்டில் நல்ல வேகப்பந்து வீச்சாளர் இல்லாமல், விக்கெட் கீப்பரான புதி குந்தரன் புதுப் பந்தை வீசினார்! 132 ரன்னில் தோற்றோம். அதோடு சரி. புகைப்படத்துக்கும் புத்தகத்துக்கும் நால்வர் அணி, களத்தில் எப்போதும் மூவர் அணிதான். வெளியே உட்கார்ந்த நாலாவது ஆள் பெரும்பாலும் வெங்கட் அல்லது பிரசன்னா.

1969 நவம்பரில் நடந்த ஒரு விஷயம் சினிமா மாதிரி இருக்கும். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பம்பாய் டெஸ்டுக்கு முதலில் வெங்கட் பெயர் இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும், தேர்வாகியிருந்த வங்காள வேகப்பந்து வீச்சாளர் சுப்ரதோ குஹா விலகிக்கொள்ள, வெங்கட் உள்ளே வந்தார். இரண்டாவது இன்னிங்சில் இந்தியா தடுமாறிக் கொண்டிருந்தபோது வடேகரோடு சேர்ந்து வெங்கட் நின்று ஆடினார். அப்போது கானலி பந்தில் கீப்பர் பிடித்ததாக நடுவர் கையைத் தூக்கிவிட்டார். பேட்டில் படவே இல்லை என்று ரேடியோ வர்ணனையில் சொல்லிவிட்டார்கள். டிரான்சிஸ்டரைக் காதில் வைத்திருந்த கூட்டம் அதைக் கேட்டுக் கொந்தளித்தது. பாட்டில் பறந்தது, நாற்காலிக்குத் தீ வைத்தார்கள், பிரபோர்ன் மைதானம் புகை மண்டலம். தவறான தீர்ப்பு என்று ஊரே கலவரம் செய்த அந்த பேட்ஸ்மேன்தான் பின்னாளில் உலகம் சுற்றித் தீர்ப்பு சொல்லும் நடுவரானார். இதையெல்லாம் எழுதி வைத்துச் செய்ய முடியுமா?

1971 அவருடைய வருஷம். மேற்கிந்தியத் தீவுகளுக்கு வடேகர் கேப்டன், வெங்கட் துணைக் கேப்டன். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இரண்டாவது இன்னிங்சில் 95 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார், அந்த அணிக்கு எதிராக இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அது. தொடர் முழுக்க 22 விக்கெட். அந்தத் தொடரைப் பற்றிப் பேசினால் புதுப் பையன் கவாஸ்கரின் 774 ரன்னைத்தான் பேசுவார்கள். நியாயம்தான், ஆனால் ரன் எடுத்தால் மட்டும் டெஸ்ட் ஜெயிக்காது, இருபது விக்கெட்டையும் யாராவது எடுக்க வேண்டும்.

அதே ஆகஸ்டில் ஓவல். இங்கிலாந்து 101க்கு சுருண்டது, சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6. இந்தியா இங்கிலாந்தில் முதல் டெஸ்டையும் முதல் தொடரையும் வென்றது. அந்த இன்னிங்சில் ஷார்ட் லெக்கில் சோல்கர் பாய்ந்து விழுந்து ஆலன் நாட்டைப் பிடித்த கேட்ச்சின் படம் பார்த்திருப்பீர்கள். அந்தப் பந்தை வீசியவர் வெங்கட். ஒரு முனையில் சந்திரா என்ன போடுவார் என்று அவருக்கே தெரியாது என்பார்கள். மறுமுனையில் ரன்னை இறுக்கிப் பிடிக்க ஒருவர் வேண்டும். வெங்கட் 20 ஓவரில் 44 ரன் கொடுத்து 2 விக்கெட். கணக்குப் புத்தகத்தில் 2 என்றுதான் பதிவாகும். அந்தத் தொடரின் மூன்று டெஸ்டிலும் பிரசன்னா ஆடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாற்காலி ஒருவருக்குக் கிடைத்தால் இன்னொருவருக்குக் கிடையாது. பாவம் என்று பார்த்தால் இரண்டு பேருமே பாவம்தான்.

அந்த நாற்காலிக்கு அருகில்கூட வர முடியாதவர்களைப் பார்த்தால் வெங்கட் கொடுத்து வைத்தவர் என்று தோன்றும். தமிழ்நாட்டு அணியில் அவரோடு மறுமுனையில் வீசிய லெக் ஸ்பின்னர் வி.வி. குமார் 1961 பிப்ரவரியில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்டிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தவர். அதே வருஷம் இன்னொரு டெஸ்ட், அதில் விக்கெட் இல்லை, கதை முடிந்தது. மொத்தம் இரண்டே டெஸ்ட். முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தது 599 விக்கெட், சராசரி 20க்கும் கீழே! 1972-73 ரஞ்சி இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கம் பம்பரமாகச் சுழன்றது. பம்பாய் 151, 113. நாம் 80, 61. பம்பாயின் பத்மாகர் ஷிவால்கர் 34 ரன் கொடுத்து 13 விக்கெட் எடுத்து நம்மைக் கவிழ்த்தார். அந்த ஷிவால்கர் ஒரு டெஸ்ட்கூட ஆடாமலே ஓய்வு பெற்றார். ரஞ்சியில் வெங்கட்டுக்கும் மேலே இருக்கும் ராஜிந்தர் கோயலுக்கும் ஒரு டெஸ்ட் கிடையாது. இருவரும் இடக்கை, இருவருக்கும் முன்னால் பேடி. சப்ளை அதிகமாகி டிமாண்ட் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்பதை எகனாமிக்ஸ் வகுப்பில் வெங்காயத்தை வைத்துச் சொல்லிக் கொடுப்பதற்குப் பதிலாக இதை வைத்துச் சொல்லலாம்.

கேப்டன் பதவி வெங்கட்டைப் படுத்திய பாடு தனிக்கதை. 1974 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெல்லி டெஸ்டுக்குப் பட்டோடிக்கும் காயம், கவாஸ்கருக்கும் காயம். வெங்கட் கேப்டன். விவியன் ரிச்சர்ட்ஸ் என்ற புது ஆள் ஆட்டமிழக்காமல் 192 அடித்தார், இன்னிங்ஸ் தோல்வி. அடுத்த டெஸ்ட் கல்கத்தா. பட்டோடி திரும்பினார். முந்தின ஆட்டத்தின் கேப்டனுக்கு அணியிலேயே இடம் இல்லை! ஒரு கம்பெனியில் ஒரு மாதம் மேனேஜராக வைத்து மறுமாதம் வேலையே இல்லை என்றால் எப்படி இருக்கும்?

ஆனாலும் 1975ல் முதல் உலகக் கோப்பைக்கு அவர்தான் கேப்டன். (கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 ரன் எடுத்த புகழ்பெற்ற ஆட்டம் இந்தத் தொடரில்தான்.) 1979 உலகக் கோப்பைக்கும் அவரே. ஆடிய மூன்றிலும் தோல்வி, டெஸ்ட் அந்தஸ்தே இல்லாத இலங்கையிடமும் 47 ரன்னில் தோல்வி. ஒருநாள் ஆட்டம் அவருக்கு ஒத்துவரவில்லை, 15 ஆட்டத்தில் 5 விக்கெட்தான். இதில் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அதைத் தொடர்ந்து இங்கிலாந்தில் நாலு டெஸ்ட். ஒன்று தோல்வி, மூன்று டிரா. கடைசி ஓவல் டெஸ்டில் 438 ரன் துரத்தி கவாஸ்கரின் 221 துணையோடு 8 விக்கெட்டுக்கு 429 வரை வந்து நின்றது இந்தியா. ஒன்பது ரன் கிடைத்திருந்தால் வெங்கட்டின் பெயர் வேறு மாதிரி சொல்லப்பட்டிருக்கும். அணி ஊருக்குத் திரும்புகிறது. நடுவானில் விமானி ஒலிபெருக்கியில் வாழ்த்துச் சொல்கிறார்: இந்தியாவின் புதிய கேப்டன் கவாஸ்கர்! தான் நீக்கப்பட்டதை வெங்கட் தெரிந்து கொண்டது இப்படித்தான். ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. இந்தச் சம்பவத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. தோற்ற கேப்டனை மாற்றுவது வாரியத்தின் உரிமை, அதை நான் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது அல்லவா? சீட்பெல்ட் போடுங்கள் என்று சொல்கிற அதே ஒலிபெருக்கியா?

அந்த வருஷமே ஹைதராபாத்தின் சிவலால் யாதவ் புது ஆஃப் ஸ்பின்னராக வந்துவிட்டார். வெங்கட் கொஞ்ச நாளில் வெளியே. 1983ல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்துக்கு, 38ஐத் தொடும் வயதில் திரும்ப அழைத்தார்கள். போனார். செப்டம்பரில் பாகிஸ்தானுக்கு எதிராக ஜலந்தரில் கடைசி டெஸ்ட். முதல் டெஸ்டுக்கும் கடைசி டெஸ்டுக்கும் நடுவில் 18 வருஷம், ஆடியது 57. வருஷத்துக்கு மூன்று என்று வருகிறது. இப்போது சராசரிக் கணக்குக்கு வருவோம். உள்ளே வெளியே, உள்ளே வெளியே என்று ஆடுகிறவன் ஒவ்வொரு தடவையும் அடுத்த டெஸ்டுக்கான இடத்தைப் பயந்து கொண்டேதான் போடுவான். பந்தைத் தூக்கிப் போட்டு நாலு சிக்ஸர் வாங்கினாலும் அடுத்த ஆட்டம் உண்டு என்ற தைரியம் இருப்பவனால்தான் ஆசை காட்டி விக்கெட் எடுக்க முடியும். வெங்கட்டுக்கு அந்தத் தைரியத்தை ரஞ்சியில் தமிழ்நாடு கொடுத்தது, இங்கிலாந்து கவுண்ட்டியில் 1973 முதல் 1975 வரை டெர்பிஷயர் கொடுத்தது. அங்கெல்லாம் விக்கெட் கொட்டியது. டெஸ்டில் கிடைத்தது ரன் கொடுக்காத வேலை மட்டும்தான். அவருடைய பந்துவீச்சில் ஃபிளைட் குறைவு, அதனால்தான் டெஸ்டில் எடுபடவில்லை என்று சிலர் சொல்வார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் 1390 விக்கெட்டும் ஃபிளைட் இல்லாமலா வந்தது?

சாதாரணமாக இங்கே ஒரு கிரிக்கெட்காரரின் கதை முடிந்துவிடும். இவருக்கு இன்டர்வெல்தான் வந்திருந்தது. அந்தக் காலத்தில் எந்த நாட்டில் டெஸ்ட் நடக்கிறதோ அந்த நாட்டு நடுவர்களே நிற்பார்கள், ஓரவஞ்சனை என்று சண்டை ஓயாது. 1990களில் வெளிநாட்டு நடுவர் ஒருவராவது நிற்க வேண்டும் என்று ஐசிசி முடிவு செய்தது. புதிதாக ஒரு வேலை உருவானது. 1993 ஜனவரியில் நடுவராக நின்ற வெங்கட் அடுத்த வருஷமே சர்வதேசக் குழுவில் இடம் பிடித்தார். 2002ல் எலைட் குழு அமைந்தபோது அதிலும் இருந்தார். 2004ல் விலகும்போது 73 டெஸ்டில் நடுவர். ஆட்டக்காரராக ஆடிய 57ஐவிட 16 அதிகம்! 2003ல் பத்மஸ்ரீ. டெஸ்ட் வீரர், கேப்டன், நடுவர், ஆட்ட ரெஃப்ரி என்று எல்லா வேலையும் பார்த்த இன்னொருவரை எனக்குச் சொல்லுங்கள் பார்ப்போம்.

1999 உலகக் கோப்பை அரையிறுதி நினைவிருக்கிறதா? ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தலா 213, க்ளூஸ்னர் ஓட, டொனால்ட் நிற்க, ரன் அவுட், டை! அந்த ஆட்டத்தின் நடுவர்கள் டேவிட் ஷெப்பர்டும் வெங்கட்ராகவனும். மைதானம் எட்ஜ்பாஸ்டன். 1967ல் நாலு ஸ்பின்னர்களும் சேர்ந்து ஆடிய அதே மைதானம், 1979ல் கேப்டனாக இன்னிங்ஸ் தோல்வி கண்ட அதே மைதானம். இந்த முறை அவரை வெளியே உட்கார வைக்க யாராலும் முடியாது, அவர் இல்லாமல் ஆட்டமே நடக்காது.

அவருக்குப் பிறகு அதே சென்னையிலிருந்து இன்னொரு இன்ஜினியர் ஆஃப் ஸ்பின்னர் வந்தார். ரவிச்சந்திரன் அஸ்வின், 106 டெஸ்டில் 537 விக்கெட். எங்கள் பக்கத்துப் பசங்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. டிஎன்பிஎல் ஆட்டங்களுக்கு நத்தம் மைதானம் எங்களுக்குப் பக்கம், 2024ல் திண்டுக்கல் அணிக்குக் கேப்டனாக இருந்து கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர். அவருக்கும் நாற்காலிப் பிரச்சினை இருந்தது, போட்டிக்கு ஜடேஜா. 2021ல் இங்கிலாந்தில் நடந்த நாலு டெஸ்டிலும் அவரை எடுக்கவில்லை. 2023 ஜூனில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், ஆஸ்திரேலிய அணியில் இடக்கை பேட்ஸ்மேன்கள் வரிசையாக நின்றபோதும், எடுக்கவில்லை. டிவியில் பார்த்துக் கொண்டிருந்த நாங்கள் திட்டித் தீர்த்தோம். அந்த இறுதி ஆட்டம் நடந்தது ஓவலில். 1971ல் வெங்கட் ஒரு முனையை இறுக்கிப் பிடித்துக் கொண்டிருந்த அதே ஓவல்.